அறுவைக்கு முன் கீமோவோடு புதிய மருந்து: ஐ-ஸ்பை 2 ஆய்வில் சேரலாமா?

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் என் அக்காவுக்கு 46 வயது. மார்பகத்தில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கட்டி, ட்ரிப்ள் நெகட்டிவ் வகை என்று பயாப்ஸியில் வந்திருக்கிறது. உடனே ஆபரேஷன் வேண்டாம், முதலில் கீமோ கொடுக்கலாம் என்கிறார் டாக்டர். ஐ-ஸ்பை 2 என்ற ஆய்வில் சேர்ந்தால் கீமோவோடு ஒரு புதிய மருந்தும் கிடைக்கலாமாம். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டே மருந்தைச் சோதிப்பது சரியா? ஊரில் அம்மா, "என் பிள்ளையைச் சோதனை எலி ஆக்காதீங்க" என்று அழுகிறார். நம் நாட்டில் இப்படியெல்லாம் நடக்கிறதா?

பதில்:

மருந்தாய்வுகளின் தரவுப் பக்கத்தில் பல வருடம் வேலை செய்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. அக்காவின் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் அவருடைய ஆங்காலஜிஸ்ட்தான். ஆனால் இந்த ஆய்வு எப்படி ஓடுகிறது, இதுவரை அதிலிருந்து என்ன தெரிந்தது, சேருவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும் என்பதை விளக்கமாகச் சொல்ல முடியும்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. கட்டியை எடுக்காமல் முதலில் கீமோ கொடுப்பது ஒன்று, அந்தக் கீமோவோடு புதிய மருந்தைச் சேர்ப்பது இன்னொன்று. முதலில் சொன்னது சோதனையே இல்லை. அக்கா எந்த ஆய்விலும் சேராவிட்டாலும், இந்த அளவுள்ள ட்ரிப்ள் நெகட்டிவ் கட்டிக்கு (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் இல்லாத வகை) இன்று எந்த நல்ல மருத்துவமனையிலும் அறுவைக்கு முன்பே கீமோ கொடுப்பார்கள்.

"அதற்குள் பரவிவிட்டால்?" என்ற பயம் எல்லா வீட்டிலும் வரும். அமெரிக்காவில் 1988-ல் தொடங்கிய பி-18 என்ற ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. 1,523 பெண்களில் பாதிப் பேருக்கு அறுவைக்கு முன்னாலும், மீதிப் பேருக்கு அறுவைக்குப் பின்னாலும் ஒரே கீமோவைக் கொடுத்தார்கள். பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தும் இரண்டு பக்கத்திலும் உயிர் பிழைத்தவர்களின் விகிதம் ஒன்றாகவே இருந்தது. முதலில் கீமோ எடுத்தவர்களில் மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடிந்தவர்கள் கொஞ்சம் அதிகம். 60 சதவீதமாக இருந்தது 68 ஆனது. ஏன் இப்படி என்று யோசித்தால் புரியும். உயிருக்கு ஆபத்து மார்பகத்தில் இருக்கும் கட்டியால் வருவதில்லை. அதிலிருந்து ஏற்கெனவே கிளம்பி நுரையீரலிலோ எலும்பிலோ கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருக்கக்கூடிய செல்களால் வருகிறது. அவற்றைத் தொடக்கூடியது ரத்தத்தோடு போகும் மருந்து மட்டும்தான், கத்தி அங்கே போகாது. மிகச் சிலருக்குக் கீமோவையும் மீறிக் கட்டி வளரும். அதைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள், வளர்கிறது என்று தெரிந்தால் மருந்தை மாற்றுவார்கள் அல்லது அறுவையை முன்னால் கொண்டுவருவார்கள்.

அப்புறம், கட்டி உள்ளே இருப்பதால் ஒரு பெரிய லாபம் உண்டு. இந்த ஆய்வே அதன்மேல்தான் நிற்கிறது. கட்டியை எடுத்துவிட்டுக் கீமோ கொடுத்தால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. நோய் திரும்புகிறதா என்று ஐந்து வருடம், பத்து வருடம் காத்திருக்க வேண்டும். கட்டி உள்ளே இருந்தால் அது சுருங்குவதை எம்ஆர்ஐயில் பார்க்கலாம், நடுவில் ஒரு பயாப்ஸி எடுத்துப் பார்க்கலாம். கடைசியில் அறுவை முடிந்ததும் எடுத்த திசுவை நோயியல் நிபுணர் மைக்ரோஸ்கோப்பில் தேடுவார். மார்பகத்திலும் அக்குளில் இருக்கும் நிணநீர் நெறிகளிலும் ஊடுருவும் புற்றுசெல் ஒன்றுகூட இல்லையென்றால் அதைப் 'பிசிஆர்' என்பார்கள், அதாவது முழுமையாக மறைந்த நிலை. அக்காவின் டாக்டர் வாயில் இந்தச் சொல் அடிக்கடி வரும். கீமோ தொடங்கி ஆறு மாதத்தில் இந்த விடை கைக்கு வந்துவிடுகிறது.

இதற்கு முன் மருந்துகள் வந்த வழி ரொம்ப நீளம். புதிய மருந்தை முதலில் நோய் முற்றிப் பரவியவர்களுக்குத்தான் கொடுத்துப் பார்ப்பார்கள். அங்கே பலன் தெரிந்தபின் ஆயிரக்கணக்கான ஆரம்பநிலை நோயாளிகளைச் சேர்த்து, அறுவைக்குப் பின் கொடுத்து, வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். ஹெர்-2 புரதம் அதிகம் இருக்கும் வகைக்கான டிராஸ்டுசுமாப் என்ற மருந்து, பரவிய நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1998-ல். ஆரம்பநிலையில் அது நோய் திரும்புவதைத் தடுக்கிறது என்ற முடிவுகள் வந்தது 2005-ல். குணப்படுத்த முடிந்திருக்கக்கூடிய எத்தனையோ பெண்களுக்கு அந்த மருந்து நடுவிலிருந்த ஏழு வருடமும் எட்டவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் மார்பக அறுவை நிபுணரான லாரா எஸ்ஸர்மனும், டெக்ஸஸில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியல் அறிஞர் டான் பெர்ரியும் சேர்ந்து 2010-ல் ஐ-ஸ்பை 2 ஆய்வைத் தொடங்கினார்கள். குணப்படுத்த வாய்ப்பிருக்கும் கட்டத்திலேயே நல்ல மருந்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம்.

அது நடக்கும் விதம் இப்படி. இரண்டரை சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் கட்டி உள்ள, இரண்டாம் மூன்றாம் நிலை நோயாளிகளைச் சேர்ப்பார்கள். கட்டியில் ஹார்மோன் ஏற்பி இருக்கிறதா, ஹெர்-2 இருக்கிறதா, 70 மரபணுக்களைப் பார்க்கும் மம்மாபிரிண்ட் பரிசோதனை என்ன சொல்கிறது என்று மூன்றையும் வைத்து எட்டு உள்வகைகளாகப் பிரிப்பார்கள். ஹார்மோன் வகையாக இருந்து, மம்மாபிரிண்டிலும் ஆபத்து குறைவு என்று வந்தால் அவர்களுக்குக் கீமோவால் பெரிய பலன் கிடையாது. அதனால் அவர்களைச் சேர்ப்பதே இல்லை. இது எனக்குப் பிடித்த விதி. ஆளை நிரப்புவதற்காக யாருக்கும் வீணாக மருந்து போகாது.

சேர்ந்த எல்லோருக்கும் அடிப்படை சிகிச்சை உண்டு. ஆய்வு தொடங்கியபோது அது வாரம் ஒருமுறை பாக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்து, மொத்தம் 12 வாரம், பிறகு டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற வேறு இரண்டு கீமோ மருந்துகள் நான்கு சுற்று, அதன்பின் அறுவை. ஹெர்-2 உள்ளவர்களுக்குக் கூடவே டிராஸ்டுசுமாப். புதிய மருந்து அந்தப் பாக்லிடாக்ஸல் வாரங்களில் மேலதிகமாகச் சேர்ந்தது. இங்கே வெறும் மாத்திரை, வெறும் ட்ரிப் என்று எதுவும் இல்லை. புதிய மருந்து இல்லாத ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தவருக்கும் அந்தக் காலத்தின் முழுச் சிகிச்சை கிடைத்தது.

யாருக்கு எந்த மருந்து என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யும். இதில் ஒரு புதுமை உண்டு. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒப்பீட்டுக் குழுவுக்குப் போவார். மற்றவர்களுக்கு, இதுவரை சேர்ந்தவர்களின் எம்ஆர்ஐயும் அறுவை முடிவுகளும் என்ன சொல்கின்றனவோ அதற்கேற்பக் குலுக்கலின் வாய்ப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மருந்து ட்ரிப்ள் நெகட்டிவ் கட்டிகளில் நன்றாக வேலை செய்கிறது என்றால், அடுத்து வரும் ட்ரிப்ள் நெகட்டிவ் நோயாளிக்கு அது கிடைக்கும் வாய்ப்பு கூடும். பலிக்காத மருந்துக்கு வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், கடைசியில் ஆய்விலிருந்தே வெளியேறும். ஒரு மருந்துக்கு அதிகபட்சம் 120 பேர். 300 பேர் கொண்ட அடுத்தகட்ட ஆய்வில் அது வெற்றி பெற 85 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று கணக்கில் வந்தால் மருந்து 'கிராஜுவேட்' ஆகிவிட்டது என்பார்கள். பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள்.

சரி, பலன் என்ன? அக்காவின் வகையில் நடந்த இரண்டு கதைகளைச் சொல்கிறேன். ஆய்வின் பலமும் பலவீனமும் இரண்டிலும் தெரியும்.

2016-ல் வெளியான முதல் முடிவுகளில் ஒன்று வெலிபாரிப் மாத்திரை பற்றியது. புற்றுசெல் தன் டிஎன்ஏவைப் பழுது பார்த்துக்கொள்வதைத் தடுக்கும் மருந்து. அதைக் கார்போபிளாட்டின் என்ற பழைய, மலிவான கீமோ மருந்தோடு சேர்த்து 72 பேருக்குக் கொடுத்தார்கள், ஒப்பீட்டுக்கு 44 பேர். ட்ரிப்ள் நெகட்டிவ் கட்டிகளில் முழுமையாக மறைந்தது 26 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாக உயர்ந்ததாக மதிப்பிட்டார்கள். பெரிய உற்சாகம். ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒரு ஓட்டை இருந்தது. இரண்டு மருந்தை ஒன்றாகச் சேர்த்துவிட்டு இரண்டும் இல்லாத குழுவோடு ஒப்பிட்டிருந்தார்கள். எதனால் பலன் வந்தது? அதைப் பிரித்துப் பார்க்க பிரைட்னெஸ் என்ற பெரிய ஆய்வு 634 பேரோடு, மூன்று குழுவாக நடந்தது. 2018-ல் முடிவு வெளியானது. பாக்லிடாக்ஸல் மட்டும் எடுத்தவர்களில் 31 சதவீதம், கார்போபிளாட்டின் சேர்த்தவர்களில் 58 சதவீதம், அதோடு வெலிபாரிபும் சேர்த்தவர்களில் 53 சதவீதம். ஆக, வேலை செய்தது முழுக்கக் கார்போபிளாட்டின். புது மாத்திரை எதையும் கூட்டவில்லை.

இதை ஐ-ஸ்பையின் தோல்வி என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கூட்டாகக் கொடுத்த மருந்துக்குப் பலன் உண்டு என்று அது சொன்னது உண்மைதான். ஆனால் நோயாளிக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 'கிராஜுவேட்' ஆன மருந்து என்றால் நிரூபணமான மருந்து என்று பொருள் இல்லை. அடுத்த பரீட்சை எழுதத் தகுதி பெற்றது, அவ்வளவுதான்.

இரண்டாவது கதை பெம்ப்ரோலிசுமாப், கடைப்பெயர் கீட்ரூடா. நம் உடலின் நோய் எதிர்ப்புச் செல்களுக்குப் போட்டிருக்கும் தடையை எடுத்துவிடும் மருந்து. ஐ-ஸ்பை 2-ல் 69 பேருக்குத்தான் கொடுத்தார்கள். ட்ரிப்ள் நெகட்டிவில் முழுமையாக மறைந்தது 22-லிருந்து 60 சதவீதம் ஆனதாக மதிப்பீடு. பிறகு 1,174 பேரோடு கீநோட்-522 என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதில் ஒப்பீட்டுக் குழுவுக்கே கார்போபிளாட்டின் உண்டு என்பதால் வித்தியாசம் சிறிதாக வந்தது. முதல் 602 பேரைக் கணக்கிட்டபோது 51-க்கு எதிராக 65 சதவீதம், இன்னும் நிறையப் பேர் சேர்ந்தபின் வித்தியாசம் ஏழரைப் புள்ளியாகச் சுருங்கியது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு கூடியபோது, இந்தச் சிறிய வித்தியாசத்தை மட்டும் வைத்து அனுமதி கொடுக்கக் கூடாது, இன்னும் காத்திருந்து பார்க்க வேண்டும் என்று பத்துக்குப் பத்து வாக்களித்தார்கள். காத்திருந்தார்கள். நோய் திரும்பாமல் மூன்று வருடம் கடந்தவர்கள் 76.8-க்கு எதிராக 84.5 சதவீதம் என்று வந்தது. அதே வருடம் ஜூலையில் அனுமதி கிடைத்தது. 2024-ல் வெளியான ஐந்து வருடக் கணக்கில் உயிரோடு இருந்தவர்கள் 81.7-க்கு எதிராக 86.6 சதவீதம். நூறு பெண்களில் ஏறத்தாழ ஐந்து பேர் கூடுதலாக உயிரோடு இருக்கிறார்கள். இன்று ட்ரிப்ள் நெகட்டிவ் வகைக்கு இரண்டாம் மூன்றாம் நிலையில் இதுதான் வழக்கமான சிகிச்சை.

அக்காவுக்கு இந்தத் தகவல் நேரடியாகப் பயன்படும். ஆய்வில் சேராவிட்டாலும் பெம்ப்ரோலிசுமாப் அவருக்குக் கிடைக்க வேண்டும். அதனால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "ஆய்வில் எனக்குப் புதிய மருந்து விழாவிட்டால் சரியாக என்ன சிகிச்சை கிடைக்கும்? வெளியில் கிடைக்கும் சிகிச்சையை விட அது குறைவா?" என்பதுதான். 2010-ல் எழுதிய அடிப்படைச் சிகிச்சை இன்றைய ட்ரிப்ள் நெகட்டிவ் நோயாளிக்குப் போதாது. காலத்துக்கேற்ப ஒப்பீட்டுக் குழுவை மாற்றியிருக்கிறார்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நல்ல குழு தயங்காமல் பதில் சொல்லும்.

இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கட்டி மறைந்தது என்பதும் ஆயுள் கூடியது என்பதும் ஒன்று அல்ல. ஹெர்-2 வகையில் லாபாடினிப் என்ற மாத்திரையை டிராஸ்டுசுமாபோடு சேர்த்தபோது முழுமையாக மறைந்தது 29.5-லிருந்து 51.3 சதவீதமாக உயர்ந்தது. 2012-ல் வந்த முடிவு இது. எல்லோரும் அடுத்த பெரிய மருந்து என்றே நினைத்தார்கள். ஆனால் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களோடு நடந்த ஆல்ட்டோ ஆய்வின் முடிவு 2014-ல் வந்தபோது, நோய் திரும்புவதில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் கல்லீரல் தொந்தரவும்தான் கூடின. அதே வருடம் எஃப்டிஏவில் பாட்ரிசியா கோர்டசார் தலைமையில் 12 ஆய்வுகளின் சுமார் 12,000 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கட்டி முழுமையாக மறைந்த பெண்ணுக்கு நோய் திரும்பும் ஆபத்து குறைவு, அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஒரு மருந்து இன்னும் கொஞ்சம் அதிகப் பேருக்குக் கட்டியை மறைய வைத்தால் அதே அளவுக்கு ஆயுளும் கூடும் என்று காட்ட முடியவில்லை.

முரணாகத் தோன்றினாலும் இரண்டும் உண்மை. ஒரு நோயாளியாக அக்காவுக்கு முழுமையாக மறைந்தால் அது மிக நல்ல செய்தி. ஐ-ஸ்பை 2-ல் சேர்ந்த 950 பேரை வைத்துப் பார்த்த 2020 கணக்கில், முழுமையாக மறைந்தவர்களில் மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 95 சதவீதம், மிச்சம் இருந்தவர்களில் 78 சதவீதம். எந்த மருந்தால் மறைந்தது என்பதைப் பொறுத்து இது மாறவில்லை. ஆனால் "இந்த மருந்து கட்டியை மறைய வைக்கிறது, ஆகவே உயிரைக் காக்கும்" என்று ஒரு கம்பெனி சொன்னால், அதற்கு மேலும் ஆதாரம் கேட்க வேண்டும்.

மிச்சம் இருந்துவிட்டால் எல்லாம் போயிற்று என்றும் நினைக்க வேண்டாம். மிச்சம் எவ்வளவு என்பதற்கு 'ஆர்சிபி' என்று பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை ஓர் அளவு உண்டு, அறுவைக்குப் பின் வரும் ரிப்போர்ட்டில் அதைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று என்றால் மிகக் கொஞ்சம்தான் மிச்சம். அதைப் பார்த்துத்தான் அடுத்த சிகிச்சை முடிவாகும். ஜப்பானிலும் கொரியாவிலும் 910 பேரோடு நடந்த கிரியேட்-எக்ஸ் ஆய்வில், மிச்சம் இருந்தவர்களுக்குக் கேபசிடபைன் மாத்திரை கொடுத்தபோது ட்ரிப்ள் நெகட்டிவ் பெண்களில் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் 70 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 79 ஆனார்கள். பரம்பரையாக வரும் பிராக்கா மரபணுக் கோளாறு இருந்தால் ஒலாபாரிப் என்ற மாத்திரை இருக்கிறது. கட்டியை உள்ளே வைத்து மருந்து கொடுத்ததால்தான், யாருக்கு மேலும் மருந்து தேவை என்பதே தெரிகிறது.

இப்போது அம்மா சொன்னதற்கு வருகிறேன். அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1999-2000-ல், நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்திலேயே, வாய்ப்புற்றுநோய் வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அறுவைக்கு முன்னால் ஒரு சோதனை ரசாயனத்தைக் கட்டிக்குள் ஊசியாகப் போட்டார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அதில் சம்பந்தப்பட்டிருந்தார். விஷயம் 2001-ல் வெளியே வந்தது. பல்கலைக்கழகம் விசாரித்து, தன் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமலே ஆய்வு நடந்ததாகவும், மனிதர்களுக்குக் கொடுக்குமுன் விலங்குகளில் போதுமான அளவு சோதிக்கவில்லை என்றும் சொன்னது. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் 'அறுவைக்கு முன் புதிய மருந்து'தான். கேட்டு, புரிந்து, சம்மதித்து, அடிப்படைச் சிகிச்சையை இழக்காமல், எந்த நேரமும் விலகலாம் என்ற உரிமையோடு சேர்வதற்கும் அதற்கும் உள்ள தூரத்தை அம்மாவுக்கு நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அதே சமயம் ஐ-ஸ்பையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் பார்வையில் உண்மையான விலை பக்கவிளைவுதான். பரவிய நோயில் பக்கவிளைவைத் தாங்கிக்கொள்வது வேறு. குணமாகி இன்னும் நாற்பது வருடம் வாழக்கூடிய 46 வயதுப் பெண்ணுக்கு நிரந்தரமான ஒரு குறையைத் தருவது வேறு. பெக்ஸிடார்டினிப் என்ற மருந்தைச் சேர்த்த குழு, சிலருக்குக் கொடுத்த நிலையிலேயே கடுமையான கல்லீரல் பாதிப்பால் மூடப்பட்டது. பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் தைராய்டைக் கெடுக்கலாம், அட்ரீனல் சுரப்பியை முடக்கலாம். அட்ரீனல் போனால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை. ஐ-ஸ்பையில் அந்த மருந்து எடுத்த 69 பேரில் ஆறு பேருக்கு அட்ரீனல் பாதிப்பு வந்தது, சிலருக்கு மருந்து முடிந்து பல வாரம் கழித்து. அதனால் சம்மதப் படிவத்தைப் படிக்கும்போது முடி கொட்டுதல், வாந்தி பக்கத்தில் நிற்காமல், "திரும்பச் சரியாகாத பக்கவிளைவு எது, எத்தனை பேருக்கு வந்தது, அது வந்தால் முதல் அறிகுறி என்ன" என்று கேளுங்கள். கீமோ முடிந்தும் தாங்க முடியாத சோர்வு, தலைசுற்றல், குறைந்த ரத்த அழுத்தம் என்றால் கீமோவின் களைப்பு என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

இந்த அக்கறை ஆய்வை நடத்துபவர்களுக்கும் இருக்கிறது. இப்போது ஓடுவது ஐ-ஸ்பை 2.2 என்று சொல்லும் அடுத்த வடிவம். இதில் புதிய மருந்தைக் கீமோவோடு சேர்க்காமல் தனியாகவே முதலில் கொடுத்துப் பார்க்கிறார்கள். எம்ஆர்ஐயும் பயாப்ஸியும் கட்டி போய்விட்டது என்று காட்டினால், மீதிக் கீமோவை விட்டுவிட்டு நேரே அறுவைக்குப் போகலாம். பலன் போதவில்லை என்றால் அந்த உள்வகைக்கு ஏற்ற சிகிச்சை, அதுவும் போதாவிட்டால் பழைய டாக்ஸோரூபிசின் சுற்று என்று படிப்படியாகக் கூட்டுவார்கள். டாட்டோபொட்டமாப் டெருக்ஸ்டெகானும் டர்வாலுமாபும் சேர்ந்த கூட்டு மருந்தை இப்படிச் சோதித்த முடிவுகள் 2024-ல் வெளியாயின. நோய் எதிர்ப்புச் செல்கள் அதிகம் நுழைந்திருக்கும் உள்வகைக் கட்டிகளில் அது நல்ல பலன் காட்டியது. டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடியது, அது தேவைப்படாமலே சிலர் குணமாகலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்த வடிவத்தில், "எல்லோருக்கும் முழு அடிப்படைச் சிகிச்சை, அதற்கு மேல் புதிய மருந்து" என்று நான் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. முதல் கட்டத்தில் அக்காவுக்குக் கொடுப்பது என்ன, எந்த வாரத்தில் பார்த்து மாற்றுவார்கள், மாற்ற வேண்டும் என்று முடிவு செய்வது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னதாகத் தோன்றினாலும் தவறவிடக் கூடாத சில வேலைகள். கீமோ தொடங்குமுன் கட்டிக்குள் ஒரு குட்டி உலோகக் கிளிப் வைக்க வேண்டும். கட்டி முழுக்க மறைந்துவிட்டால் சர்ஜன் எந்த இடத்தை எடுப்பது என்று அதுதான் காட்டும். அக்குளில் நோயுள்ள நெறி இருந்தால் அதற்கும் ஒன்று வைப்பது நல்லது. பிராக்கா பரிசோதனையை இப்போதே கொடுத்துவிடுங்கள், அறுவை எப்படி என்பதையும் பின்னால் வரும் மருந்தையும் அது மாற்றும், உங்களுக்கும் அது முக்கியம். பணத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் பொதுவாகப் புதிய மருந்து இலவசம், வழக்கமான சிகிச்சை இன்சூரன்ஸ் கணக்கில் போகும். கூடுதல் எம்ஆர்ஐ, பயாப்ஸி யார் கணக்கில், பக்கவிளைவுக்கு ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் யார் கணக்கில் என்று எழுத்தில் வாங்குங்கள். தமிழில் விளக்கம் வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், வீட்டில் ஒருவர் மொழிபெயர்ப்பதை விட அது நல்லது. நடுவில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும், டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று எந்த மருந்தையும் சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்தியாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அறுவைக்கு முன் சிகிச்சை நமக்குப் புதிதல்ல. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், முற்றிய நிலையில் வரும் மார்பகக் கட்டிகளுக்குக் கீமோவையும் கதிர்வீச்சையும் முதலில் கொடுத்து, பிறகு அறுவை செய்வது பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. ஆய்வு என்றால், மேலே சொன்ன கார்போபிளாட்டின் கேள்வியை மும்பை டாடா மெமோரியலில் எடுத்துக்கொண்டு, 2010 முதல் பத்து வருடத்தில் 720 ட்ரிப்ள் நெகட்டிவ் பெண்களிடம் பரிசோதித்தார்கள். 2022-ல் சொன்ன முடிவின்படி 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் நோய் திரும்பாமல் இருப்பதும் உயிர் பிழைப்பதும் தெளிவாகக் கூடின. விலை அதிகமில்லாத மருந்து, நம் அரசு மருத்துவமனைகளிலும் கொடுக்க முடிந்தது. கீட்ரூடா எட்டாத லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இந்த ஆய்வு செய்த உதவி பெரிது என்று நான் நினைக்கிறேன். அதே டாடா குழு, அறுவைக்குச் சற்று முன்பு கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் என்ற மரத்துப்போகும் ஊசியைப் போட்டு 1,600 பெண்களிடம் ஆய்ந்து, ஐந்து வருடம் உயிரோடு இருப்பவர்கள் 86.4-லிருந்து 90.1 சதவீதமாக உயர்ந்ததாக 2023-ல் வெளியிட்டது. மற்ற நாடுகளிலும் செய்து உறுதிப்படுத்த வேண்டிய முடிவு, ஆனால் கேட்ட கேள்வி அருமையானது.

இங்கே யாராவது ஆய்வில் சேரச் சொன்னால், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணையத்தில் யாரும் பார்க்கலாம், 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். 2019-ல் வந்த புதிய மருந்து மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். படிவத்தின் ஒரு பிரதி நோயாளியின் கையில் இருக்க வேண்டும், அதில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கும்.

அக்காவின் விஷயத்தில், ஒப்பீட்டுக் குழுவின் சிகிச்சை இன்றைய தரத்தில் இருந்து, நிரந்தரப் பக்கவிளைவுகளைப் பற்றி நேரான பதில் கிடைத்து, அவரே படிவத்தை உட்கார்ந்து படித்துச் சரி என்று சொன்னால், என் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் சேரச் சொல்வேன். அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துக் கட்டியைக் கண்காணிக்கும் குழு கிடைப்பதே ஒரு பலம். வேண்டாம் என்று அவருக்குத் தோன்றினால் பெம்ப்ரோலிசுமாபோடு வழக்கமான சிகிச்சையை உடனே தொடங்கட்டும், அதுவும் நல்ல முடிவுதான். யோசிப்பதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.